முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்பிரிங்: அறிகுறி வாரியாகப் பிழை கண்டு நீக்கும் வழிமுறை

காரின் முன்பக்கம் சத்தம் போட்டாலும் ஒருபுறம் தாழ்ந்து நின்றாலும், ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புது ஸ்பிரிங்கை வாங்கி வைத்துவிட்டுத்தான் பலரும் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் முழுதாக இருக்கும். ஆட்டம் கண்டிருப்பது அதன் தலைமேல் உள்ள ரப்பர் மவுண்டாகவோ பக்கத்தில் உள்ள லிங்க் ராடாகவோ (ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு கம்பி) இருக்கும். அதனால் இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தை முதலிலும் கையைக் கடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்புக்கு மட்டுமே இது பொருந்தும். காற்றுப்பை அல்லது டார்ஷன் பார் கொண்ட வண்டிகளுக்கு இதைப் பின்பற்றக் கூடாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இரண்டு விதிகள் மாறுவதில்லை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய பின் எடையை ஸ்டாண்டின் மேல் இறக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கையோ தலையோ அடியில் போக வேண்டும். அடுத்தது, பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் உச்சியில் தெரியும் நடு நட்டை, ஸ்பிரிங்கைக் கம்ப்ரசரில் (ஸ்பிரிங்கை இறுக்கிச் சுருக்கும் கருவி) அடக்குவதற்கு முன் எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. இருநூறு முந்நூறு கிலோ எடைக்கு நிகரான விசையைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரே நட்டுதான்.

## அறிகுறி: முன்பக்கம் ஒருபுறம் தாழ்ந்து நிற்கிறது

கண் மதிப்பை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் ஒருபுறமாகக் கிடக்கும் சுமையை எடுத்துவிட்டு, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். இந்த உருட்டல் அவசியம். ஜாக்கியிலிருந்து இப்போதுதான் இறக்கிய வண்டியில் சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கி இழுபட்டு நிற்பதால் உயரம் பொய் சொல்லும். பிறகு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

### வேறுபாடு 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டது

பழைய வண்டிகளில் இது இயல்பு. மட்கார்டு ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டிருந்தாலே இவ்வளவு வேறுபாடு வரும். வேறு அறிகுறி எதுவும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

### வேறுபாடு அதற்கு மேல், ஆனால் முன் ஸ்பிரிங்குகள் முழுதாகத் தெரிகின்றன

முன்பக்கத்தைக் கழற்றுவதற்கு முன் பின்பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். பின் வலது ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி அந்த மூலையில் அமுங்குவதோடு, அதன் குறுக்கெதிரே உள்ள முன் இடது மூலையின் உயரமும் மாறும். பின் அச்சின் நடுவில் ஜாக்கி வைக்கும் இடம் உள்ள வண்டியில், அங்கே வைத்துப் பின்பக்கத்தைச் சற்றே தூக்கி, முன்பக்கத்தை மீண்டும் அளந்து பாருங்கள். முன்பக்கம் சமமாகிவிட்டால் குற்றம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. சமமாகாமல் அப்படியே நின்றால் முன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அது அமரும் கீழ்த்தட்டு துருப்பிடித்து இறங்கியிருக்கிறது. தட்டு இறங்கியிருந்தால் ஸ்பிரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஸ்ட்ரட்டையும் மாற்ற வேண்டும்.

### ஸ்பிரிங் உடைந்திருக்கிறது

பெரும்பாலும் உடைவது அடிச்சுற்றுதான். கீழ்த்தட்டின் குழியில் சேறும் ஈரமும் தங்கி, ஸ்பிரிங்கின் மேற்பூச்சு உரிந்து, துரு உள்ளே இறங்கிய இடத்தில் கடைசி அரைச்சுற்று துண்டாகிவிடும். துண்டு அதே குழியில் கிடப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்பிரிங் முழுதாகவே தெரியும். சக்கரத்தைக் கழற்றி, அந்தக் குழியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, டார்ச் அடித்து, ஸ்பிரிங்கின் முனை எங்கே முடிகிறது என்பதை இடமும் வலமும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிற்சாலையில் வெட்டிய முனை தட்டையாகவும் ஒழுங்காகவும் இருக்கும். உடைந்த முனை சாய்வாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். ஒரு பக்கத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

அடுத்து டயரின் உட்பக்கச் சுவரைத் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே வட்டமாகக் கீறல் விழுந்திருந்தால் உடைந்த முனை டயரைத் தொடுகிறது என்று பொருள். அந்த வண்டியை மெதுவாக ஓட்டிப் பட்டறை வரை கொண்டு போகலாம் என்ற யோசனையே வேண்டாம். இழுவை வண்டியை அழைக்க வேண்டிய நிலை இது.

ஸ்பிரிங் அமரும் கோபுரத்தில், அதாவது பானெட்டுக்கு அடியில் மூன்று நட்டுகள் தெரியும் மேடையில், விரிசலோ துரு ஓட்டையோ கண்டால் அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. அது பாடி வெல்டிங் வேலை.

## அறிகுறி: நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டங்' என்று அதிர்கிறது

இந்தச் சத்தத்துக்கு ஸ்பிரிங் காரணமாக இருப்பதைவிட, அதன் மேல் உள்ள மவுண்ட் பேரிங் காரணமாக இருப்பதே அதிகம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சுற்ற வேண்டும். பேரிங் இறுகிப் போனால் ஸ்பிரிங் முறுக்கேறி, ஓர் எல்லையில் சட்டென்று விடுபடும். அந்த விடுபடும் ஓசைதான் 'டங்'.

வண்டி தரையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாக இருபுறமும் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தை விரல்நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றுகளுக்கு இடையே விரலை நுழைக்கக் கூடாது. ஸ்பிரிங் சீராகச் சுற்றாமல் சற்று நின்று குதித்தால் பேரிங்தான். ஸ்பிரிங் சீராகச் சுற்றியும் சத்தம் தொடர்ந்தால், முன்பு சொன்ன அடிச்சுற்று உடைவைத் தேடுங்கள். உடைந்த துண்டு தட்டில் உராய்ந்தாலும் ஏறத்தாழ இதே ஓசை வரும்.

பேரிங் மட்டும் போயிருந்தாலும் அதை மாற்ற ஸ்பிரிங்கை அடக்கியே தீர வேண்டும். ஆகவே வேலையும் ஆபத்தும் ஒன்றுதான். ஸ்பிரிங்கை மாற்றும்போது மவுண்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்வது இதனால்தான்.

## அறிகுறி: மேடு பள்ளத்தில் 'டக் டக்' என்று அடிக்கிறது

இங்கே முதல் சந்தேகம் லிங்க் ராடு. அதைச் சோதிக்கும்போது முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்: இரண்டும் தரையில், அல்லது இரண்டும் தொங்கலில். ஒன்றை மட்டும் தூக்கினால் இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி லிங்க் ராட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், தேய்ந்த மூட்டும் கெட்டியாகவே தெரியும். இந்த ஒரு காரணத்தால் நல்லது என்று விடப்பட்ட லிங்க் ராடுகள் ஏராளம்.

லிங்க் ராடு ஆடவில்லையென்றால், மேல் மவுண்டின் மூன்று நட்டுகளும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதற்கடுத்து, ஒருவர் வண்டியின் மூலையை அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் மவுண்டின் மேல் கைவைத்துப் பார்த்தால், கிழிந்த ரப்பரின் துள்ளல் உள்ளங்கையில் தெரியும். கடைசியாக, சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷும் (ரப்பர் உறை) பால் ஜாயிண்டும் (அதன் வெளிமுனையில் உள்ள குண்டு மூட்டு). கடப்பாரை கொண்டு நெம்பும்போது பால் ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அது கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும்.

## அறிகுறி: பள்ளத்துக்குப் பின் வண்டி அலைபாய்கிறது, அல்லது அடி தட்டுகிறது

அலைபாய்வது ஷாக்கின் குறை; அதற்கு ஸ்பிரிங்கை மாற்றுவது வீண். ஷாக்கின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் வழிந்து கீழே வரை நனைத்திருந்தால் இரு பக்கமும் மாற்ற வேண்டியதுதான். அடி தட்டினால் தூசி உறையை மேலே தள்ளி, தண்டின் மேல் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்) இருக்கிறதா, பொடிந்து உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். உதிர்ந்த ரப்பருக்காக ஸ்பிரிங்கைப் பழிக்க வேண்டியதில்லை.

## ஸ்பிரிங்தான் என்று உறுதியான பின்: வீட்டிலா, பட்டறையிலா?

ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்குவது பொறுமை உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. இறக்கிய ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பதுதான் ஆளைக் காயப்படுத்தும் வேலை. இந்த இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றி, சுவரில் பொருத்திய பெரிய கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போய், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வந்து, வீட்டிலேயே மாட்டிவிடலாம். கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும். முதன்முறை செய்பவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். சில வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் மவுண்டும் சேர்த்துக் கட்டிய முழு ஸ்ட்ரட் கிடைக்கிறது. அதில் கம்ப்ரசருக்கே வேலை இல்லை.

ஸ்பிரிங் நடுச்சுற்றில் உடைந்திருந்தால் கொக்கி வகைக் கம்ப்ரசரைத் தொடவே வேண்டாம். அடக்கும்போது உடைந்த பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கக்கூடும். அது பட்டறை வேலையே.

எங்கே செய்தாலும் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். வாங்கும்போது எஞ்சின் வகையையும் கியர்பாக்ஸ் வகையையும் சொல்லி வாங்க வேண்டும். ஒரே மாடலில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் முன் எடை வேறு என்பதால் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கும். சுற்றுகளின் மேல் உள்ள வண்ணக் கோடுகள் அழகுக்காக இட்டவை அல்ல. ரகத்தைக் காட்டும் குறி.

## கழற்றும்போது: ஸ்ட்ரட் நக்கிளை விட்டு வர மறுக்கிறது

நக்கிள் என்பது சக்கரத்தைத் தாங்கும், ஸ்ட்ரட்டின் அடி மாட்டப்படும் வார்ப்பு. முதலில் கழற்றாமல் விட்டுப்போனவை உள்ளனவா என்று பாருங்கள்: பிரேக் ஹோஸின் பிடி, ஏபிஎஸ் வயரின் பிடி, லிங்க் ராட்டின் நட்டு. இவற்றில் ஒன்று மாட்டியிருந்தால் எவ்வளவு தட்டியும் பயனில்லை, வயர்தான் அறும்.

இரண்டு போல்ட்டுகள் குறுக்கே போகும் வகையானால், தளர்த்துவதற்கு முன் போல்ட்டின் தலையையும் நக்கிளையும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு இழுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கேம்பர் கோணம், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு, பழைய இடத்துக்கு அருகிலாவது வரும். நட்டை முனை வரை தளர்த்தி, நட்டின் மேலேயே தட்டினால் மரை கெடாமல் போல்ட் நகரும்.

ஸ்ட்ரட் குழாய் நக்கிளின் பிளவுக்குள் இறங்கி நிற்கும் வகையானால், துரு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வைத்து, பிளவை விரிக்கும் கருவியால் சிறிதே விரித்து, நக்கிளைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். பிளவில் உளியை வைத்து ஓங்கி அடித்தால் வார்ப்பு விரிசல் விட்டுவிடும். நக்கிளின் விலைக்கு முன் பட்டறைக் கூலி ஒன்றுமே இல்லை. இரண்டாம் நாளும் அசையவில்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

விடுபட்ட நக்கிளைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி நிறுத்துவது முக்கியம். அது வெளிப்பக்கம் சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு பிரிந்துவிடும்; பிரேக் ஹோஸும் இழுபடும். மேல் மூன்று நட்டுகளில் கடைசியைக் கழற்றும்போது ஸ்ட்ரட்டைக் கீழிருந்து ஒரு கை தாங்கியிருக்க வேண்டும்.

## பிரிக்கும்போது: கம்ப்ரசர் இறுக இறுக ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளைகிறது

உடனே நிறுத்துங்கள். இரு கம்ப்ரசர்களும் நேர் எதிரெதிரே இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் அதிகம் இறுக்கப்பட்டிருக்கிறது. இறுக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, எதிரெதிராக, இயன்ற அளவு அதிகச் சுற்றுகளைப் பிடிக்கும்படி மாட்டி, மரையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு திருப்பு, அந்தப் பக்கம் இரண்டு திருப்பு என்று கை ஸ்பேனரால் மட்டுமே இறுக்க வேண்டும். இம்பாக்ட் ரெஞ்ச் கம்ப்ரசரின் மரையைத் தின்றுவிடும். மரை போன கம்ப்ரசர் எப்போது கைவிடும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கொக்கி சுற்றின் மேல் வழுக்குகிறது என்றால் ஸ்பிரிங்கில் எண்ணெய் இருக்கிறது, அல்லது அந்தத் தடிமனுக்கான கம்ப்ரசர் அது அல்ல. எண்ணெயைத் துடைத்த பிறகும் வழுக்கினால் தொடரக் கூடாது.

எவ்வளவு அடக்க வேண்டும் என்பதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. ஸ்பிரிங்கின் முனை தட்டை விட்டு எழுந்து, கையால் பிடித்து அசைத்தால் ஸ்பிரிங் மொத்தமாக ஆட வேண்டும். அந்த ஆட்டம் கைக்குத் தெரிந்த பிறகுதான் நடு நட்டில் ஸ்பேனர் படலாம். அதற்கு மேலும் இறுக்கிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்படி செய்யத் தேவையில்லை. வேலை முழுவதும் ஸ்ட்ரட்டின் இரு முனைகளுக்கும் நேராக முகமோ வேறொருவரோ இருக்கக் கூடாது. அடக்கிய ஸ்பிரிங்கைத் தரையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும் கூடாது.

## பிரிக்கும்போது: நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றுகிறது

தண்டின் உச்சியில் ஆலன் கீக்கான குழியோ இருபுறமும் தட்டையான பகுதியோ இருக்கும். அங்கே பிடித்துக்கொண்டு வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். தண்டின் பளபளப்பான பகுதியைப் பிளையரால் பிடித்தால் விழும் கீறல், மேலும் கீழும் போய்வரும்போது எண்ணெய் சீலைக் கிழித்துவிடும். பழைய ஷாக்கையும் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் மட்டும் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

## சேர்க்கும்போது: நட்டு மாட்டும் அளவுக்குத் தண்டு மேலே வரவில்லை

தண்டு கீழே இறங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாயு நிரப்பாத ஷாக்கில் அது தானாக எழாது. கையால் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். வாயு நிரப்பிய ஷாக்கிலும் எழவில்லையென்றால் ஷாக் செத்துவிட்டது. அடுத்து, ஸ்பிரிங்கின் அடிமுனை தட்டில் உள்ள படியைத் தொட்டு நிற்கிறதா, மேல் ரப்பர் தட்டு தன் இடத்தில் அமர்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் தலைகீழாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் கம்ப்ரசரை இன்னும் இரண்டு மூன்று திருப்புகள் இறுக்கலாம். அதற்கும் எட்டவில்லையென்றால் பழைய ஸ்பிரிங்கின் குறியீட்டோடு புதியதன் குறியீட்டை ஒப்பிடுங்கள். நீளம் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஓடித் தளர்ந்த ஸ்பிரிங் எப்போதும் குட்டையாகத்தான் இருக்கும்.

நடு நட்டு புதியதாக இருக்க வேண்டும். நைலான் வளையம் உள்ள நட்டு ஒருமுறைக்குத்தான். தூசி உறையும் பம்ப் ஸ்டாப்பும் தண்டில் ஏறிவிட்டனவா என்று நட்டை இறுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டால், எல்லாம் முடிந்த பின் மேசையில் அவை மீந்து கிடக்கும் நிலை வராது. நட்டு முழுதாக இறுகிய பிறகு, ஸ்பிரிங்கின் முனை படியை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டே கம்ப்ரசரை மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும்.

## மாட்டிய பின்: முன்பக்கம் முன்பைவிட உயர்ந்து நிற்கிறது

தளர்ந்த ஸ்பிரிங்கின் உயரம் கண்ணுக்குப் பழகிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் புது ஸ்பிரிங் ஓரளவு அமரும். லோயர் ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், அதைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இறுக்கிய ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று வண்டியைத் தூக்கிப் பிடிப்பதோடு, விரைவில் கிழியவும் செய்யும். எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகு அதைத் தளர்த்தி மீண்டும் இறுக்குவதே தீர்வு. உயரம் கூடியதால் இரவில் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி முகப்பு விளக்கின் சாய்வையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

## மாட்டிய பின்: புதிதாக ஒரு சத்தம்

முதல் சில கிலோமீட்டரில் ஒரே ஒருமுறை 'டக்' என்று கேட்டு அடங்கிவிட்டால் ஸ்பிரிங் தன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. தொடர்ந்து கேட்டால் நான்கு இடங்களை வரிசையாகப் பாருங்கள்: வீல் நட்டுகள், லிங்க் ராடு நட்டு, மேல் மவுண்டின் மூன்று நட்டுகள், நடு நட்டு. சிறு கார்களின் வீல் நட்டுகள் பெரும்பாலும் 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை டார்க் கேட்பவை; மற்ற நட்டுகளுக்கு அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும் அளவே அளவு. நடு நட்டு தளர்ந்திருந்தால் வண்டி சக்கரத்தின் மேல் நிற்கும்போதே இறுக்கிவிடலாம். தளர்த்துவதற்குத்தான் முன்பு சொன்ன தடை.

## மாட்டிய பின்: ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, வண்டி ஒருபுறம் இழுக்கிறது

நக்கிளின் இரு போல்ட்டுகளைத் தொட்டாலே கேம்பர் சிறிதாவது நகரும். அதோடு டோ கோணமும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும், மாறும். வண்ணக் கோட்டை நம்பி அலைன்மென்ட்டைத் தள்ளிப்போட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்த பிறகுதான் தெரியவரும். வேலை முடிந்த அன்றோ மறுநாளோ வீல் அலைன்மென்ட் செய்துவிட வேண்டும். அலைன்மென்ட் எந்திரம் ஒரு பக்கக் கேம்பரைச் சரிசெய்ய முடியவில்லை என்று காட்டினால், ஸ்ட்ரட் நக்கிளில் முழுதாக இறங்கவில்லை, அல்லது முன்பே எங்கோ மோதி நக்கிளோ கோபுரமோ வளைந்திருக்கிறது. இரண்டாவது காரணமானால் பாடி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

## மாட்டிய பின்: ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை

சென்சார் வயரின் இணைப்பு சரியாக அமர்ந்திருக்கிறதா, வயர் பிடியில் மாட்டப்பட்டிருக்கிறதா, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது அது இழுபடுகிறதா அல்லது டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். பிரேக் ஹோஸையும் அதே நேரத்தில் இரு எல்லையிலும் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். முறுக்கி மாட்டிய ஹோஸுக்கு விளக்கு எரிந்து எச்சரிக்கும் வசதி கிடையாது. இணைப்பும் வயரும் நன்றாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.